தேயிலைத் தூளும் தாத்தாவின் இழுப்பும்

போன மாதம் மகளின் பள்ளிக்கூடப் பையில் எதையோ தேடும்போது, சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில், பழைய காலுறை ஒன்றுக்குள் சுருட்டி வைத்த பம்ப் கையில் அகப்பட்டது. நீல நிறப் பம்ப். ஓடி விளையாடும்போது மூச்சு முட்டினால் சட்டென்று எடுக்கத்தான் அதைப் பையின் முன் அறையில் வைத்திருந்தேன். யார் சுருட்டியது என்று கேட்டேன். மகள் வாய் திறக்கவில்லை. அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல்தான் வந்தது.

"நாந்தான் சுத்தி வச்சேன். பொட்டப்புள்ள தம்பி. நாளைக்கு நாலு பேருக்குத் தெரிஞ்சா என்னா சொல்லுவாங்க? அதோட, இந்தப் பம்பு பழகிட்டா பொறகு விடவே விடாது."

இந்தப் பதிவை அம்மாவுக்காகத்தான் எழுதுகிறேன். அவர் போன் பார்த்து வாசிக்க மாட்டார். மகள் வாசித்துக் காட்டுவாள். அம்மாவோடு வாதாடி ஜெயித்த ஆள் எங்கள் வீட்டில் கிடையாது. அதனால் வாதம் வேண்டாம், கதையாகச் சொல்லிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டொக்டர் இல்லை. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். மகளுக்கு வந்த பிறகு கையில் கிடைத்ததை எல்லாம் வாசித்தவன், அவ்வளவுதான்.

பெயரிலிருந்து தொடங்குகிறேன். தோட்டத்துப் பக்கம் நாங்கள் இதை இழுப்பு என்போம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு படிப்பிக்கும் ஆசிரியை தொய்வு என்பார். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா 'எதும' என்பார். அந்தச் சொல்லுக்குள்ளும் இழுப்பதுதான் இருக்கிறது. ஆஸ்துமா என்பது மூச்சு வாங்குவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல். எல்லாப் பெயர்களும் வெளியில் தெரிவதைத்தான் சொல்கின்றன. நெஞ்சு ஏறி இறங்குவதும், பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வருவதும் எல்லாருக்கும் தெரியும். உள்ளே என்ன நடக்கிறது என்பது எந்தப் பெயரிலும் இல்லை. அந்த இடத்தை ஆளுக்கொரு விதமாக நிரப்பிக்கொள்கிறோம்.

அம்மாவுக்கு அது பனியால் வருவது. பெரியம்மாவுக்கு அது நெஞ்சில் கட்டின சளி. கண்டியில் இருக்கிற மாமாவுக்கு அது பரம்பரை. அதைச் சொல்லும்போது என் மனைவி இருக்கும் பக்கம் ஒரு பார்வை வேறு போகும். மாமா, தாத்தா நம்ம பக்கத்து ஆள்தானே, மறந்துட்டீங்களா?

சலிக்கிற இடத்தில் தாத்தா

அம்மாவின் அப்பா கம்பளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெக்டரியில் வேலை செய்தவர். கொழுந்தை வாடப்போட்டு, அரைத்து, புளிக்க வைத்து, சூட்டில் காய வைத்து, கடைசியில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். அந்தச் சலிக்கிற இடத்தில்தான் தாத்தாவுக்கு வேலை. இளங்கொழுந்தின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய ரோமம் இருக்கும். இலை காய்ந்ததும் அது உதிர்ந்து, சலிக்கும்போது பஞ்சாகப் பறக்கும். தாத்தா வீட்டுக்கு வரும்போது புருவமெல்லாம் மண்ணிறமாக இருக்கும் என்று அம்மா சொல்வார்.

வேலைக்குச் சேர்ந்து பத்துப் பதினொரு வருசம் அவருக்கு ஒன்றுமே செய்யவில்லை. பிறகு ஒரு மழைக்காலத்தில் இருமல் பிடித்தது. இருமல் இழுப்பாக மாறியது. ஞாயிற்றுக்கிழமை குறையும். திங்கட்கிழமை இரவு கூடும். அதைத் தாத்தா கவனித்திருக்கிறார், ஆனால் வெளியே சொல்லவில்லை. பெக்டரி வேலை மழையில் நனையாத வேலை. இழுப்பு என்று தெரிந்தால் மலைக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயம். லயத்துக்கு வந்து, கதவைச் சாத்தி, குந்தி உட்கார்ந்து, சாயம் கூடின பிளேன்டி குடிப்பாராம். சத்தம் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கக்கூடாது என்று தலையணையை வாயில் வைத்து இருமுவாராம்.

தாத்தா ஒளித்ததை அதே காலத்தில் ஒருவர் எழுதி வைத்துக்கொண்டிருந்தார். இலங்கையின் மார்புநோய் நிபுணர் சி. ஜி. ஊரகொட. பிரித்தானியத் தொழில்சார் மருத்துவ இதழ் ஒன்றில் 1970இல் அவர் வெளியிட்ட சிறிய கட்டுரையின் தலைப்பே 'டீமேக்கரின் ஆஸ்துமா'தான். தேயிலைப் பஞ்சைச் சுவாசித்ததால் வந்த ஆஸ்துமா அது. 1980இல் தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்களைப் பற்றி எழுதினார். 1984இல் கறுவா வேலை செய்கிறவர்களைப் பார்த்தார். 40 பேரில் 9 பேருக்கு ஆஸ்துமா இருந்தது. தேயிலை, கறுவா என்று இந்த நாடு உலகத்துக்கு வாசனையாக அனுப்பிய பொருட்கள், அவற்றைச் சலித்தவர்கள் நெஞ்சில் என்ன செய்தன என்பதைப் பதிவு செய்தவர் அவர்.

தேயிலையில் எது குற்றவாளி என்று பின்னாளில் ஜப்பானில் தேடினார்கள். பச்சைத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களிடம் 1990களில் நடந்த ஆய்வுகள், எபிகலோகட்டெச்சின் கலேட் என்ற பொருளைக் காட்டின. பச்சைத் தேநீர் உடம்புக்கு நல்லது என்று விளம்பரம் செய்யும்போது சொல்கிறார்களே, அதே பொருள்தான். வயிற்றுக்குப் போனால் நல்ல பிள்ளை. தூளாக நெஞ்சுக்குள் போனால் வேறு கதை.

என் கேள்வி இதுதான். அதே தூள், அதே தாத்தா. பதினொரு வருசம் சும்மா இருந்த உடம்பு பன்னிரண்டாம் வருசம் ஏன் எதிர்த்தது? நெஞ்சு பலவீனம் என்றால் முதல் வருசமே விழுந்திருக்க வேண்டாமா?

மீன் சாப்பிட முடியாத டொக்டர்

இதற்குப் பதில் தேட 1921க்குப் போக வேண்டும். ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் ஹைன்ஸ் கூஸ்ட்னர் என்று ஒரு மருத்துவர். சமைத்த மீன் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. அவரோடு வேலை செய்த கார்ல் பிராவுஸ்னிட்ஸுக்கு மீனால் ஒரு தொந்தரவும் இல்லை. பிராவுஸ்னிட்ஸ் என்ன செய்தார் தெரியுமா? கூஸ்ட்னரின் இரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரைத் தன் வயிற்றுத் தோலில் ஊசியால் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றினார். தோல் தடித்துச் சிவந்தது. நண்பரின் ஒவ்வாமை இவர் தோலுக்குக் குடிவந்துவிட்டது. அப்படியென்றால் அது பலவீனமும் இல்லை, மனப்பயமும் இல்லை. இரத்தத்தில் இருக்கிற, ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற்றக்கூடிய ஒரு பொருள்.

அந்தப் பொருளைப் பிடிக்க இன்னும் 45 வருசம் ஆனது. அமெரிக்காவின் டென்வரில் கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதி 1966இல் அதைக் கண்டுபிடித்தார்கள். சுவீடனிலும் அதே காலத்தில் ஜோஹான்சன், பென்னிச் என்ற இருவர் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1968இல் அதற்கு ஐஜி-ஈ என்று பெயர் வைத்தார்கள். நம்முடைய பாடப்புத்தகத்தில் பிறபொருளெதிரி என்று படிக்கிறோமே, அதில் ஒரு வகை. இரத்தத்தில் மிகக் குறைவாக இருப்பது இதுதான். குடற்புழு போன்ற ஒட்டுண்ணிகளை எதிர்க்க உடம்பு வைத்திருக்கும் ஆயுதம் என்பது பொதுவான கருத்து.

இப்போது தாத்தாவுக்கு வருவோம். ஒரு தூள் மூச்சோடு உள்ளே போகிறது. குழாயின் உள்பக்கத்தை மூடியிருக்கும் மேலணிக் கலங்கள்தான் முதல் காவல். அவை காயப்பட்டாலோ எரிச்சலடைந்தாலோ ஆபத்து என்று சமிக்ஞை விடும். பக்கத்தில் இருக்கும் இன்னொரு வகைக் கலம் அந்தத் தூளின் ஒரு துண்டைப் பிடித்து நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய்க் காட்டும். அங்கே முடிவு எடுக்கப்படுகிறது. பெரும்பாலானவர்களின் உடம்பு, 'இது வெறும் தூசி, விடு' என்று முடிவெடுக்கும். சிலருடைய உடம்பு ஒரு நாள் அதை எதிரி என்று தீர்ப்பெழுதிவிடும். தீர்ப்பு வந்ததும் டி-கலங்களில் ஒரு பிரிவு மூன்று கட்டளைகளை அனுப்பத் தொடங்கும். இன்டர்லூக்கின் 4 வந்தால் ஐஜி-ஈ தயாராகும். இன்டர்லூக்கின் 5 வந்தால் இயோசினோபில் என்ற வெள்ளணுக்கள் படைபடையாக வரும். இன்டர்லூக்கின் 13 வந்தால் குழாயில் சீதம் சுரக்கும், தசை தொட்டாற்சுருங்கியாகும்.

இப்படித் தயாரான ஐஜி-ஈ போய் உட்காரும் இடம் மாஸ்ட் கலம். 1878இல் பால் எர்லிக் இந்தக் கலத்துக்குப் பெயர் வைத்தபோது, உள்ளே பொதிபொதியாக மணிகள் இருப்பதைப் பார்த்து, நன்றாகச் சாப்பிட்ட கலம் என்று நினைத்தார். உண்மையில் அவை சாப்பாட்டு மணிகள் இல்லை. ஹிஸ்டமின் போன்ற இரசாயனங்கள் நிரம்பிய பொதிகள். அடுத்த தடவை அதே தூள் வந்து இரண்டு ஐஜி-ஈக்களை ஒன்றாகப் பிணைத்தால், சில நிமிடங்களில் பொதி அவிழும்.

ஆக, தாத்தாவின் பதினொரு வருசமும் சும்மா போன வருசங்கள் இல்லை. அந்தக் காலத்தில் எங்கோ ஒரு நாள் உள்ளே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. தொழிலால் வரும் ஆஸ்துமாவில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் இருப்பது வழக்கம்தான். "நேத்து வரைக்கும் ஒன்னும் செய்யல" என்று நாம் சொல்வது எதற்கும் சான்று ஆகாது.

ஆரை பாதியானால்

பொதி அவிழ்ந்ததும் மூன்று காரியம் நடக்கும். குழாயைச் சுற்றியிருக்கும் மழமழப்பான தசை இறுகும். குழாயின் உட்சுவர் வீங்கும். சீதம் தடித்து வழியை அடைக்கும். மூச்சுக்குழாய் வாதனாளியில் தொடங்கி ஏறக்குறைய 23 தடவை கிளை பிரிந்து சிற்றறைகள் வரை போகிறது. நடுவில் உள்ள சிறு கிளைகளின் ஆரை பாதியானால், காற்றுக்கு வரும் தடை இரண்டு மடங்கு ஆகாது. 16 மடங்கு ஆகும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது ஒருவரும் முதலில் நம்புவதில்லை. பெரிய போத்தலில் உறிஞ்சுகுழாய் போட்டு, அதைக் கொஞ்சம் நசுக்கிவிட்டுக் குடிக்கச் சொல்வேன். பிறகு நம்புவார்கள்.

இன்னொரு விசயம். இழுப்பு வந்த ஆளைக் கேட்டால், மூச்சை உள்ளே எடுக்க முடியவில்லை என்பார். பெரிய சிக்கல் வெளியே விடுவதில்தான். மூச்சை உள்ளிழுக்கும்போது நெஞ்சு விரிகிறது, குழாய்களும் கொஞ்சம் விரிகின்றன. விடும்போது அமுங்குகின்றன. ஏற்கனவே ஒடுங்கிய குழாய் இன்னும் ஒடுங்க, பழைய காற்று உள்ளேயே தங்கிவிடுகிறது. நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்ற முடியுமா? அந்த விசில் சத்தம், வெளியே வரத் துடிக்கும் காற்றின் சத்தம்.

பெரியம்மாவின் சளிக்கு இங்கே இடம் இருக்கிறது. சீதம் உண்மைதான். ஆனால் அது விளைவு. சளியை மட்டும் எடுத்துவிட்டால் நோய் போய்விடும் என்பது, கூரை ஒழுகும் வீட்டில் தரையை மட்டும் துடைப்பது மாதிரி.

அம்மா, இனிச் சொல்லப்போவதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். தசை இறுகுவது வரும், போகும். இயோசினோபில்கள் கொண்டுவரும் அழற்சி அப்படிப் போகாது. பிள்ளை சிரித்து விளையாடுகிற நாளிலும் குழாயின் சுவரில் அந்த நெருப்பு கனன்றுகொண்டிருக்கலாம். வருடக்கணக்கில் விட்டால் சுவர் தடித்து, தசை பெருத்து, குழாயின் அமைப்பே மாறிப்போகக்கூடும். 'இப்ப நல்லாத்தானே இருக்கா, எதுக்கு மருந்து?' என்று கேட்கிறீர்களே, அந்த 'நல்லா' வெளியில் தெரிகிற நல்லாதான்.

எல்லா ஆஸ்துமாவும் இந்த ஒரே பாதையில் வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வாமையே இல்லாமல், ஐஜி-ஈயின் பங்கில்லாமல், வளர்ந்த பிறகு வருகிற வகை உண்டு. இயோசினோபில்களுக்குப் பதிலாக நியூட்ரோபில்கள் நிறைந்த வகையும் உண்டு. ஆஸ்துமா என்பது ஒரே குடும்பப் பெயர் வைத்த பல ஆட்கள். பிள்ளைகளிடம் அதிகம் காண்பது நான் சொன்ன இந்த ஒவ்வாமை வகைதான்.

மாமாவின் பரம்பரை

மாமா சொன்னதிலும் உண்மை இருக்கிறது. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்புக் கூட. ஆனால் ஆஸ்துமாவுக்கென்று தனியாக ஒரு பரம்பரையலகு கிடையாது. 2007இல் 17ஆம் நிறமூர்த்தத்தில் ஒரு பகுதி சிறுவயது ஆஸ்துமாவோடு தொடர்புபட்டது என்று கண்டார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ இடங்கள். ஒவ்வொன்றும் தராசில் ஒரு நெல்மணி அளவுதான் போடுகிறது. ஆதலால் மாமா என் மனைவியையும் பார்க்க வேண்டாம், என்னையும் பார்க்க வேண்டாம்.

பரம்பரை மட்டுமே காரணமாக இருக்க முடியாது என்பதற்கு நல்ல சான்று அமெரிக்காவில் இருக்கிறது. ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு சமூகங்கள். இரண்டும் ஐரோப்பாவிலிருந்து போய்க் குடியேறியவை, பரம்பரையில் நெருங்கியவை, விவசாயம் செய்பவை. ஆமிஷ் மக்கள் இன்னும் பழைய முறையில், மாட்டுக்கொட்டில் வீட்டுப் பக்கத்திலேயே இருக்க வாழ்கிறார்கள். ஹட்டரைட் மக்கள் பெரிய இயந்திரப் பண்ணை வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் கொட்டிலுக்குள் அவ்வளவாகப் போவதில்லை. 2016இல் வெளியான ஆய்வில் ஆமிஷ் பிள்ளைகளில் ஆஸ்துமா 5.2 சதவீதம், ஹட்டரைட் பிள்ளைகளில் 21.3 சதவீதம். ஆமிஷ் வீட்டுத் தூசியை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவற்றுக்கு ஒவ்வாமை ஆஸ்துமா வராமல் தடுத்தது. சிறுவயதில் பல வகை நுண்ணுயிர்களோடு பழகிய நிர்ப்பீடனத் தொகுதி, எதை எதிர்ப்பது எதை விடுவது என்று கற்றுக்கொள்கிறது என்பதுதான் இதிலிருந்து எடுத்த கருத்து.

இதைப் படித்துவிட்டு, 'அப்போ நம்ம லயத்துப் புள்ளைகளுக்கு வரவே கூடாதே' என்று ஒரு நண்பர் கேட்டார். வருகிறது. மாட்டுக்கொட்டில் தூசி வேறு, புகைபோக்கி இல்லாத காம்பராவில் விறகுப் புகை வேறு. ஈரச் சுவரில் படரும் பூஞ்சணம் இன்னொன்று. அழுக்கு பாதுகாக்கும் என்றோ வறுமை பாதுகாக்கும் என்றோ அந்த ஆய்வு சொல்லவில்லை.

கெலிஓயாவில் என்ன இருக்கிறது?

காரணம் வேறு, கிளப்பிவிடுவது வேறு. காய்ந்த விறகு ஒன்று, தீக்குச்சி இன்னொன்று. இதுவரை சொன்னது விறகைப் பற்றி. எங்கள் ஊரான கெலிஓயாவில் தீக்குச்சிகளுக்குப் பஞ்சமே இல்லை.

முதலாவது மெத்தை. மகாவலியை ஒட்டின ஊர், இரண்டு பருவமழையும் எட்டிப் பார்க்கிற இடம். துணி காய நாள் எடுக்கும். இந்த ஈரம் நமக்குத் தொல்லை, தூசிப்பூச்சிக்குச் சொர்க்கம். மூன்றிலொரு மில்லிமீற்றர் நீளம், எட்டுக் கால். தண்ணீர் குடிப்பதில்லை, காற்றில் உள்ள ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்தான் அதற்குச் சாப்பாடு. வீட்டுத் தூசி ஒவ்வாமையின் மூலம் இந்தப் பூச்சிதான் என்று 1960களில் நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். பூச்சி கடிப்பதில்லை. அதன் எச்சம்தான் பிரச்சினை. எச்சத்தில் இருக்கும் சமிபாட்டு நொதியம், நம் மூச்சுக்குழாயின் மேலணிக் கலங்களை ஒன்றோடொன்று தைத்து வைத்திருக்கும் இணைப்பையே வெட்டக்கூடியது. உள்ளே வருகிற திருடன் கையில் கத்தரிக்கோலோடு வருகிறான். இலவம் பஞ்சுத் தலையணையையும் தும்பு மெத்தையையும் வெயில் அடிக்கிற நாளில் வெளியே போடச் சொல்வது சும்மா இல்லை.

இரண்டாவது புகை. நுளம்புத்திரி ஒன்று எரிந்து முடியும்போது விடுகிற நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகள் விடுவதற்குச் சமம் என்று 2003இல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. பிள்ளைக்கு முன்னால் ஒரு சிகரெட் பற்றவைத்தால் அம்மா என்னை வீட்டை விட்டே துரத்திவிடுவார். நுளம்புத்திரியை அவரே கட்டிலுக்கு அடியில் வைப்பார். வலை கட்டினால் போதும், அம்மா.

மூன்றாவது பஸ் பயணம். கண்டி நகரம் மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணம். காற்று ஓட்டம் குறைந்த காலையில் வாகனப் புகை வெளியே போக வழியில்லாமல் தேங்கும். கெலிஓயாவிலிருந்து நகரத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் போகிற பிள்ளைகள், பேராதனை தாண்டிக் கெட்டம்பேயில் வரிசையில் நிற்கும் டீசல் வாகனங்களுக்கு நடுவேதான் தினமும் போய்வருகிறார்கள். டீசல் துகள் எரிச்சல் தருவதோடு நிற்பதில்லை. ஒவ்வாமைப் பொருளோடு சேர்ந்து போனால் ஐஜி-ஈ உற்பத்தியைக் கூட்டுகிறது என்பதையும் காட்டியிருக்கிறார்கள்.

நாலாவது சாதாரணத் தடிமல். சிறுபிள்ளைகளுக்கு வரும் இழுப்பில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ரைனோ வைரசுதான் நிற்கிறது. ஆஸ்துமா உள்ளவரின் மேலணிக் கலங்கள் இந்த வைரசை மற்றவர்களுடையதைப் போல வேகமாக அடக்குவதில்லை. அம்மாவின் பனி இங்கேதான் வருகிறது. குளிர்ந்த காற்றில் ஈரம் குறைவு. அதை வேகமாகச் சுவாசிக்கும்போது குழாயின் மேற்பரப்பு காய்ந்து, மாஸ்ட் கலம் அவிழத் தூண்டப்படலாம். விடியற்காலை நாலு மணிக்கு இழுப்பு கூடுவதற்குப் பனி மட்டும் காரணமில்லை. அழற்சியை அடக்கும் கோட்டிசோல் என்ற நம் சொந்த ஓமோன் இரவில்தான் குறைகிறது, குழாய்களும் அந்த நேரத்தில் இயல்பாகவே கொஞ்சம் ஒடுங்குகின்றன. பனிக்கு நாம் தலையில் குல்லாய் போடுகிறோம். மூச்சு மூக்கால்தானே போகிறது, ஒரு துணியால் மூக்கை மூடினால் இன்னும் பயன்.

தேயிலை கொடுத்த மருந்து

தாத்தாவின் பிளேன்டிக்கு ஒரு பின்கதை உண்டு. 1888இல் ஜெர்மானிய விஞ்ஞானி அல்பிரெக்ட் கொசெல் தேயிலையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். பெயர் தியோபிலின். தேயிலை என்பதே அந்தப் பெயரின் பொருள். பின்னாளில் அது ஆஸ்துமா மருந்தாகி, பல பத்தாண்டுகள் உலகம் முழுவதும் குளிசையாகப் போனது. கோப்பைத் தேநீரில் அது இருப்பது மிக அற்பம். ஆனால் கபேயின் இருக்கிறது, அதுவும் தியோபிலினின் உறவுக்காரன்தான், குழாயைக் கொஞ்ச நேரம் மெல்ல விரிக்கும். 1860இல் ஆஸ்துமாவைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய ஆங்கில மருத்துவர் ஹென்றி ஹைட் சோல்ட்டர், தானே ஆஸ்துமாக்காரர், கடுமையான கோப்பியைச் சிபாரிசு செய்தவர். தாத்தா குந்தியிருந்து குடித்தது வெறும் ஆறுதல் இல்லை. பகலில் நோயைக் கொடுத்த அதே செடி இரவில் அரைகுறையாக மருந்தும் கொடுத்தது.

அம்மா காய்ச்சும் ஆடாதோடைக் கஷாயத்தையும் நான் குறை சொல்லப்போவதில்லை. அதில் உள்ள வாசிசினைப் பார்த்துத்தான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சினைச் செய்தார்கள். ஆனால் சளி எந்த இடத்தில் வருகிறது என்று மேலே பார்த்தோம்.

இப்போது பம்ப். 1969இல் சந்தைக்கு வந்த சல்பியூட்டமோல்தான் நீலப் பம்பில் இருக்கிறது. இறுகின தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். அழற்சியைத் தொடாது. 1972இல் வந்த பெக்லோமெதசோன் மண்ணிறப் பம்பில் இருக்கும் வகை. அது உடனே ஒன்றும் செய்த மாதிரி தெரியாது. நாளாந்தம் எடுத்தால் சில வாரங்களில் இயோசினோபில்கள் அடங்கும், நெருப்பு தணியும். நீலம் கதவைத் திறக்கிறது, மண்ணிறம் தீயை அணைக்கிறது. திறந்த கதவைப் பார்த்து, வீடு எரிவதை மறந்துவிடுகிறோம். நீலத்தை மட்டுமே நம்பியிருப்பது ஆபத்து என்று 2019இல் உலக ஆஸ்துமா வழிகாட்டியே மாற்றி எழுதப்பட்டது.

'பழகிடும்' என்பதற்கு ஒரு கணக்கு. சல்பியூட்டமோல் குளிசை ஒன்றில் 4 மில்லிகிராம். நீலப் பம்பில் ஒரு தடவை அமுக்கினால் 100 மைக்ரோகிராம். அதாவது குளிசையில் இருப்பதில் நாற்பதில் ஒரு பங்கு. குளிசை வயிற்றுக்குப் போய், உடம்பெல்லாம் சுற்றி, கை நடுங்க வைத்து, பிறகு நெஞ்சுக்கு வருகிறது. பம்ப் நேரே நெஞ்சுக்குப் போகிறது. பம்ப் கடைசி மருந்து, குளிசை சின்ன மருந்து என்று ஊரில் ஒரு எண்ணம் இருக்கிறதே, கணக்கு அதற்கு நேர் எதிராகப் போகிறது. பம்பை விட்டால் இழுப்பு திரும்பி வருவது பம்ப் பழகியதால் இல்லை. நோய் இருப்பதால். கண்ணாடியைக் கழற்றினால் எழுத்து மங்குகிறது என்று கண்ணாடியைக் குற்றம் சொல்வோமா?

இதையெல்லாம் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாசித்துக் காட்டினாள். அம்மா கடைசி வரை கேட்டார். தூசிப்பூச்சியின் எச்சம் என்ற இடத்தில் மட்டும் முகத்தைச் சுளித்தார். முடிந்ததும் கணக்கைப் பற்றியோ ஐஜி-ஈ பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை.

"அப்பா தலகாணிய வாயில வச்சுத்தான் இருமுவாரு. வெளியில தெரியக்கூடாதுன்னு எங்களையும் சொல்ல விடமாட்டாரு" என்றார்.

ஒளிக்கிற பழக்கம் எங்கள் வீட்டுக்கு அங்கேயிருந்துதான் வந்திருக்கிறது. தாத்தாவுக்கு அதற்கு ஒரு காரணம் இருந்தது, வேலை போய்விடும் என்ற பயம். காரணம் போன பிறகும் பழக்கம் மட்டும் இரண்டு தலைமுறை தாண்டி ஒன்பது வயதுப் பிள்ளையின் பைக்குள் காலுறையாகச் சுருண்டு கிடந்தது.

இப்போது பம்ப் பையின் முன் அறையில் இருக்கிறது. வகுப்பாசிரியைக்குத் தெரியும். பக்கத்தில் உட்காரும் இரண்டு பிள்ளைகளுக்கும் தெரியும். கல்யாணப் பேச்சு வருகிற காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் முழுதாகச் சம்மதிக்கவில்லை, ஆனால் எடுத்து ஒளிக்கவும் இல்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு பம்ப் இருந்தால், இன்றைக்கு இரவு படுக்கப் போகும் முன் இரண்டு காரியம் பாருங்கள். அது எந்த இடத்தில் இருக்கிறது, வீட்டில் எத்தனை பேருக்கு அந்த இடம் தெரியும். நீலப் பம்ப் அடித்தும் அடங்காமல், பேச முடியாமல் திணறினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் காசு கேட்காது.